ஒரு டோம் எட்டுக் கமராவுக்குச் சமமா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் மில் இருக்கிறது. அப்பாவும் நானும்தான் பார்க்கிறோம். அண்ணன் டோஹாவில். முன்னுக்கு வீதியும் கேற்றும் வண்டித் தராசும், நடுவில் நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம், பின்னுக்கு ஸ்டோர், அதற்கு அப்பால் வயல். போன பெரும்போக அறுவடையில் மூடைகள் குறைந்தன, எப்படிப் போனது என்று தெரியவில்லை. மார்கழியில் யானை வந்து ஸ்டோரின் பின் சுவரை உடைத்தது. இப்போது ஒரு கமராக்காரர், "தளத்துக்கு நடுவில் கம்பம் நட்டு ஹைஸ்பீட் டோம் ஒன்று போட்டால் எட்டுக் கமராவுக்குச் சமம். 360 பாகை சுற்றும், 25 மடங்கு சூம், இரவில் 150 மீற்றர் தெரியும், அண்ணன் அங்கிருந்தே திருப்பிப் பார்க்கலாம்" என்கிறார். அண்ணனுக்கு ஆசை, அப்பாவுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, போரதீவுப்பற்று

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கமராக்காரர் சொன்ன எண்களில் பொய் இல்லை. டோம் என்பது வட்டக் கூண்டுக்குள் தலை திரும்புகிற கமரா. நல்ல டோம் 360 பாகையும் சுற்றும், 25 மடங்கு கிட்டக் கொண்டுவரும், இரவில் தூரம் பார்க்கும். அவர் சொன்னதில் ஒரு வசனம் மட்டும் பிழை. அந்த வசனத்தை நம்பித்தான் நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எட்டுக் கமரா எட்டுப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும். டோமும் எட்டுப் பக்கத்தைப் பார்க்கும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. அது ஸ்டோர்க் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் கேற்றில் நடந்தது அதற்குத் தெரியாது. அது பார்க்காதது பதிவில் இருக்காது. பதிவில் இல்லாததைப் பிறகு எவராலும் எடுத்துத் தர முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டோமில் பிரீசெட் என்று ஒன்று உண்டு. ஒரு திசை, ஒரு சாய்வு, ஒரு சூம் அளவு மூன்றையும் சேர்த்து மனப்பாடம் பண்ணி வைப்பதுதான் அது. கேற் ஒரு பிரீசெட், தராசு ஒன்று, ஸ்டோர்க் கதவு ஒன்று என்று எட்டு இடத்தை வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் செக்கன் நின்று ரோந்து போகச் சொன்னால், ஒரு சுற்றுக்கு 80 செக்கன். எந்த இடமும் அதில் 70 செக்கன் பார்வைக்கு வெளியே இருக்கும். மதிலுக்கு மேலால் ஒரு மூடையைத் தூக்கிப் போட எவ்வளவு நேரம் வேண்டும்? உங்கள் மில்லில் மூடை தூக்குகிற ஆட்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்.

இதை நான் சொந்தத்தில் பட்டுத்தான் படித்தேன். பல வருசத்துக்கு முன் கல்லடிக் கடற்கரையில் ஒரு மீன் வாடிக்கு, சொந்தக்காரர் கேட்டபடியே, ஒரேயொரு டோம் போட்டுக் கொடுத்தேன். ஒரு இரவு ஒரு வலைக் கட்டு காணாமற்போனது. காலையில் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். டோம் தோணி வரிசையைப் பார்க்கிறது, வலை சாத்திய இடத்தில் இருக்கிறது. திரும்பிக் கேற்றைப் பார்க்கிறது, பாதையைப் பார்க்கிறது, ஐஸ் பெட்டிகளைப் பார்க்கிறது. திரும்ப வருகிறது, வலை இல்லை. மணலில் இழுத்த தடம் மட்டும் கிடக்கிறது. அந்த மனுசன் என்னை ஒரு சொல் ஏசவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து டோமைத் தனியாக நான் ஒருவருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

சரி, அப்படியானால் இந்தக் கமரா எதற்கு? அதன் வேலை வேறு. ஹைஸ்பீட் என்பது அது திரும்புகிற வேகம். நல்ல டோம் ஒன்று பிரீசெட்டுக்குப் போகும்போது செக்கனுக்கு 200, 300 பாகை அளவில் திரும்பும். உள்ளே ஸ்லிப் ரிங் என்ற வளையத் தொடுப்பு இருப்பதால் வயர் முறுகாது. மலிவுக் கமராக்கள் 355 பாகையில் முட்டி நின்று வந்த வழியே திரும்பும், இது எத்தனை சுற்றென்றாலும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகலாம். நேர் கீழே நடக்கிற ஆளைத் தொடரும்போது தலையைத் தானே மறுபக்கம் புரட்டிக்கொள்ளும். அதே மோட்டார் மிக மெதுவாகவும் நகரும், செக்கனுக்கு ஒரு பாகையிலும் குறைவாக. முழுச் சூமில் தூரத்து லொறியைத் தொடரும்போது அந்த மெதுவான நகர்வுதான் கைகொடுக்கும். வேகத்தை எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள், மெதுவை ஒருவரும் சொல்வதில்லை.

திரும்புகிற வேகத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அரைச் செக்கனில் திரும்பிவிட்டாலும் லென்ஸ் முழுச் சூமுக்குப் போக மூன்று நான்கு செக்கன் எடுக்கும், அப்புறம் ஃபோக்கஸ் பிடிக்க இன்னும் ஒன்றிரண்டு. இரவில் கூடவும் எடுக்கும். ஆகவே ஆள் ஓடிய பிறகு டோம் திரும்பினால் முதுகுதான் கிடைக்கும். அது நேரத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஒன்றில் திரைக்கு முன்னால் ஒருவர் இருந்து ஜோய்ஸ்டிக் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் "இங்கே பார்" என்று அதற்குச் சொல்ல வேறொன்று வேண்டும். துறைமுகத்திலும் பெரிய பஸ் நிலையத்திலும் டோம் நன்றாக வேலை செய்வது ஒப்பரேட்டர் இருப்பதால். உங்கள் மில்லில் இரவு இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்? வோச்சர் ஒருவர், அவரும் கேற்றில்.

அதனால் உங்களுக்கு இரண்டாவது வழிதான். நல்ல டோம்களின் பின்புறம் அலாரம் இன் என்று இரண்டு சின்ன வயர்கள் வரும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்டோர்க் கதவில் ஒரு காந்தச் சுவிட்சை வைத்து அந்த வயரோடு இணைத்தால், கதவு திறந்த கணமே டோம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் ஸ்டோர்க் கதவுப் பிரீசெட்டுக்குத் திரும்பும், அண்ணனின் போனும் உங்கள் போனும் அடிக்கும். கமரா விலையோடு பார்த்தால் அந்தச் சுவிட்சின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு கொட்டேசனிலும் அதை நான் காண்பதில்லை. அதோடு பார்க் அக்ஷன் என்ற அமைப்பையும் போடச் சொல்லுங்கள். யாராவது கையால் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போனால், அரை நிமிடத்தில் தானாக உரிய இடத்துக்குத் திரும்பிவிடும். கரண்ட் போய் வந்தாலும் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு, அதுவும் வேண்டும்.

இனி சூம். ஒப்டிகல் சூமா டிஜிட்டல் சூமா என்று கேளுங்கள். லென்ஸ் உள்ளே உண்மையாக நகர்ந்து கிட்டக் கொண்டுவருவது ஒப்டிகல். இருக்கிற படத்தை இழுத்துப் பெருப்பிப்பது டிஜிட்டல், அதில் புதிதாக ஒன்றும் தெரியாது. 25 மடங்கு ஒப்டிகல் என்றால் லென்ஸ் விவரத்தில் 4.8 முதல் 120 மில்லிமீற்றர் என்பது போல இருக்கும். ஒரே ஒரு எண் மட்டும், 3.6 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தால் அதில் ஒப்டிகல் சூம் இல்லை. வட்டத் தலை, இரண்டு அன்டெனா, வைஃபை என்று வருகிற சின்னக் கமராக்களையும் இப்போது "ஸ்பீட் டோம்" என்று பெயர் எழுதி விற்கிறார்கள். வீட்டு விறாந்தைக்கு அது போதும், மில்லுக்குப் போதாது.

இந்த லென்ஸைத் தளத்துக்கு நடுவில் வைத்துப் பார்ப்போம். ஒரு தெரியாத ஆளின் முகத்தை அடையாளம் காட்ட, ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்று ஐரோப்பியத் தரமான ஈஎன் 62676-4இன் 2015 பதிப்பு சொல்கிறது. 2 மெகாபிக்சல் படம் 1920 புள்ளி அகலம். டோம் சூம் பண்ணாமல் விரித்துப் பார்க்கும்போது 30 மீற்றர் தள்ளி நிற்கிற ஆளுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 55 புள்ளிதான் கிடைக்கும். முகம் என்றால் குறுக்காக ஒன்பது புள்ளி. ஆள் ஆணா பெண்ணா என்பதே தடுமாறும். முழுச் சூமில் 100 மீற்றரில் நிற்கிறவருக்கும் 400 புள்ளிக்கு மேல் கிடைக்கும், சட்டைப் பொத்தான் தெரியும். ஆனால் அந்த நேரம் டோம் பார்ப்பது நாலரை மீற்றர் அகலமான ஒரு துண்டை மட்டும். மற்ற நான்கு பக்கமும் இருட்டு. எல்லாவற்றையும் பார்த்தால் முகம் தெரியாது, முகத்தைப் பார்த்தால் மற்றது தெரியாது. இதை அண்ணனுக்கு அப்படியே அனுப்புங்கள், அவருக்கு விளங்கும்.

இரவைப் பற்றி. 150 மீற்றர் என்பது ஐஆர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், போய்ச் சேருகிற தூரம். அந்தத் தூரத்தில் ஆள் நடமாடுவது தெரியும் என்பதைத்தான் அது குறிக்கும், முகம் தெரியும் என்பதை அல்ல. சூம் கூடக் கூட லென்ஸுக்குள் வருகிற வெளிச்சமும் குறையும். லென்ஸ் துளைக்கு ஒரு எண் உண்டு, அது கூடினால் வெளிச்சம் குறையும். 1.6 என்று தொடங்குகிற அந்த எண் முழுச் சூமில் 3.5 ஆகிவிட்டால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குதான். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டக் கமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். செக்கனில் 25இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிற மோட்டார் சைக்கிள் அதற்குள் 44 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். இலக்கத் தகடு ஒரு வெள்ளைக் கோடாகத்தான் வரும். அதனால் இலக்கத் தகடு பிடிக்கிற வேலையை டோமுக்குக் கொடுக்காதீர்கள். அதற்குக் கேற்றில் வேகமான ஷட்டர் வைத்த ஒரு நிலைக் கமரா வேண்டும். லொறிகள் தராசில் எப்படியும் நிற்கும் அல்லவா, அங்கே பிடிப்பது இன்னும் சுலபம்.

மில்லுக்கென்று ஒரு தொல்லை உண்டு, தவிட்டுத் தூசி. ஐஆர் விளக்குக்கு முன்னால் பறக்கிற ஒவ்வொரு தூசியும் இரவில் பனி கொட்டுவது போலத் தெரியும். கண்ணாடியில் படிந்தால் படம் முழுக்க வெள்ளைப் புகார். பூச்சிகள் வேறு விளக்கைச் சுற்றி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், சிலந்தி வலை ஐஆர் பட்டு மின்னி இரவெல்லாம் பொய் அலாரம் அடிக்கும். உமி ஊதுகிற பக்கத்துக்குக் கமராவைக் கொண்டுபோக வேண்டாம். கச்சான் காற்று ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும்போது தூசி எந்தப் பக்கம் போகிறது என்று அப்பாவுக்குத் தெரியும், கம்பம் எங்கே என்பதை அவரைக் கேட்டு முடிவெடுங்கள். முடிந்தால் வெளிச்சத்தைக் கமராவிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளித் தனியே போடுங்கள். துடைக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவ வேண்டும், பிறகு மெல்லிய சவர்க்கார நீரும் பஞ்சுத் துணியும். வறண்ட துணியால் தேய்த்தால் தவிடு கண்ணாடியைக் கீறும். தின்னரும் பெற்றோலும் பக்கத்திலும் போகக்கூடாது.

யானை விசயம் உங்கள் கடிதத்தில் இரண்டு வரிதான், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இப்போதைய டோம்களில் ஆள், வாகனம் என்று பிரித்து அறிகிற வசதி வருகிறது. ஆள் வந்தால் தானே தொடர்ந்து போகும். வழக்கமாகக் கிடைக்கிற வகைகளில் யானைக்கென்று ஒரு பிரிவு இல்லை. ஆள், வாகனம் மட்டும் என்று வடிகட்டி வைத்தால் யானை வந்து சுவரில் சாய்ந்தாலும் அலாரம் அடிக்காமல் இருக்கலாம். வடிகட்டியை எடுத்துவிட்டால் மாடும் நாயும் மழையும் சேர்ந்து அடித்து, மூன்றாம் நாள் நீங்களே சத்தத்தை நிறுத்திவிடுவீர்கள்.

நான் செய்கிற வழி இது. ஸ்டோருக்குப் பின்னால், வயல் எல்லையோரம், இரண்டு கம்பங்களுக்கு இடையில் ஒரு பீம் சென்சர் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஐஆர் கற்றை ஒன்று அந்தக் கம்பத்திலிருந்து இந்தக் கம்பத்துக்கு ஓடும். அதை எது குறுக்கே வெட்டினாலும் அலாரம். உயரத்தில்தான் விசயம் இருக்கிறது, ஆறடிக்குக் குறையாமல் வையுங்கள். நாய் வெட்டாது, மாடு வெட்டாது, வளர்ந்த யானையின் தோள் அதற்கு மேல். அந்த அலாரம் வயரை டோமின் இரண்டாவது அலாரம் இன்னுக்குக் கொடுங்கள். கற்றை வெட்டினதும் டோம் வயல் பக்கம் திரும்பும், வெள்ளை லைட் எரியும், போன் அடிக்கும். சைரனும் வெட்டி வெட்டி எரிகிற லைட்டும் உள்ள டோம்கள் உண்டு. முதல் சில நாள் யானை திடுக்கிட்டு விலகும், பழகினால் அசையாது. அதை நம்பிச் சுவரோடு நெல்லை அடுக்காதீர்கள். மணம் பிடித்துத்தான் வருகிறது, பின் சுவரை ஒட்டின மூடைகளை முன்னுக்கு எடுங்கள். இன்னொன்று, போன் அடித்ததும் அப்பாவோ வோச்சரோ டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போகவே கூடாது. திரையில் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து வனஜீவராசிகள் திணைக்கள ஆட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அறிவிக்க வேண்டும். வெளியே போகாமல் பார்க்க முடிகிறது என்பதற்காகவே உங்களுக்கு ஒரு டோம் வேண்டும் என்று சொல்வேன்.

அண்ணன் டோஹாவில் இருந்து திருப்புவது. முடியும், ஆனால் அவர் விரலை வைத்து டோம் நகர்ந்து, நகர்ந்த படம் அவருக்குத் தெரிய ஒன்றிரண்டு செக்கன் பிந்தும். ஓடுகிற ஆளை அந்தப் பிந்தலோடு தொடர முடியாது, ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போய்விடும். அவர் பிரீசெட் எண்ணை அழுத்திப் பார்க்கட்டும், அதுதான் சரியான முறை. நீங்கள் 4ஜி ரவுட்டர் வைத்திருந்தால், சின்னப் படமாக, அரை மெகாபிட் அளவில் ஒரு மணித்தியாலம் பார்க்க ஏறத்தாழ 230 எம்பி போகும். முழுத் தரத்தில் பார்த்தால் அதைப்போல எட்டு மடங்கு.

பாஸ்வேர்டை வந்தபடியே விடாதீர்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கமராக்களிலும் ரெக்கோடர்களிலும்தான் இலட்சக்கணக்கில் புகுந்தது. பாஸ்வேர்ட் உங்கள் கையில் இருக்கட்டும், பொருத்தின ஆளிடம் இருக்க வேண்டாம். என்னிடம் பொருத்தினாலும் அப்படித்தான், முடித்ததும் என் முன்னாலேயே மாற்றச் சொல்லுவேன்.

கம்பத்துக்கு வருகிறேன். தளத்துக்கு நடுவில் கம்பம் என்பதில் அப்பாவுக்கு மனமில்லாதது நியாயம். நெல் கிண்டவும் உழவு இயந்திரம் திரும்பவும் அது இடைஞ்சல், ஒரு நாள் பின்னுக்கு எடுக்கிற லொறி முட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஆட்டம். முழுச் சூமில் இந்த லென்ஸ் பார்க்கிற கோணம் இரண்டரைப் பாகையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கம்பம் காற்றில் அரைப் பாகை ஆடினால் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு துள்ளும். இரண்டங்குல ஜீஐ பைப்பில் மாட்டின டோம்களை நான் கண்டிருக்கிறேன், வாடைக்காற்றில் படம் தொட்டில் மாதிரி ஆடும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மாவட்டம் இது, கம்பத்துக்கு அடித்தளம் போடும்போது அதை மறக்கக்கூடாது. உங்களுக்குக் கம்பமே வேண்டாம். ஸ்டோர்க் கட்டடத்தின் மூலைத் தூணில், ஐந்து ஐந்தரை மீற்றர் உயரத்தில், இரும்புக் கை ஒன்றில் டோமைத் தொங்கவிடுங்கள். மூலை என்றால் தளமும் தெரியும், பின் வயலும் தெரியும், ஸ்டோர்க் கதவும் தெரியும். அதற்கு மேல் உயர்த்தினால் தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது.

கரண்ட் கொடுக்கிற விதம் பலர் தவறவிடுகிற இடம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் முழுக்க டோம் ஒழுங்காக வேலை செய்யும். மாலை ஆறேகால் மணிக்கு, பொழுது பட்டதும் அணைந்துபோகும். அரை நிமிடத்தில் எழும்பி, தலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மேலும் கீழும் பார்த்து, பிறகு படம் வரும். வந்த உடனே மறுபடி அணையும். விடியும்வரை இதுதான். கமரா பழுது என்று இரண்டு தரம் மாற்றியும் இருந்தார்கள். கமராவில் ஒரு பழுதும் இல்லை. படம் வருகிற கேபிளிலேயே கமராவுக்குக் கரண்டும் கொடுக்கிற பெட்டிதான் பிஓஇ சுவிட்ச். சாதாரணமானது ஒரு கேபிளில் 15.4 வொட் தரும். பகலில் அது போதும். இருட்டினதும் ஐஆர் விளக்குகள் பற்றும்போது தேவை இருபதைத் தாண்டும், சுவிட்ச் கொடுக்க மாட்டாமல் வெட்டிவிடும். 802.3at என்ற 30 வொட் வகை சுவிட்சைப் போட்டேன், அன்றோடு தீர்ந்தது. பெரிய டோம்களுக்கு 60 வொட்டும் வேண்டிவரும். உங்கள் கொட்டேசனில் டோமுக்கு எத்தனை வொட், சுவிட்ச் எத்தனை வொட் என்று இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஒஃபிஸிலிருந்து ஸ்டோர் மூலை அதைவிடத் தூரம் என்றால் ஃபைபர் இழுங்கள். ஃபைபரில் இன்னொரு நன்மை, மின்னல் அதன் வழியாக ஓடாது. பங்குனி சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்பு வயரில் வருகிற ஒரு அடியில் கமரா, சுவிட்ச், ரெக்கோடர் மூன்றும் போகும். சேர்ஜ் புரொடெக்டரும் நிலத்தில் இறக்கிய நல்ல எர்த் கம்பியும் இல்லாமல் வேலையை ஏற்கவே வேண்டாம். கமராவும் ரெக்கோடரும் ரவுட்டரும் மூன்றும் இன்வேட்டரில் இருக்க வேண்டும். ரவுட்டரை மறந்துவிடுவார்கள், கரண்ட் போன இரவில் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது.

ஐபி66 என்று இருந்தால் மழைக்கும் தூசிக்கும் போதும். முதல் 6 தூசி புகாது என்பது, இரண்டாவது 6 பலமாகப் பீச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பது. ஐகே10 கல்லெறிக்கு, ஐந்து கிலோ எடை 40 சென்ரிமீற்றரிலிருந்து விழுகிற அடியைத் தாங்கும். ஆனால் இரண்டும் உப்புக் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரை, கடலோரத்து ஆட்களைப் போல அவ்வளவு பயமில்லை. இருந்தாலும் ஆணிகள் 316 ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

சரி, எனக்கு இந்த மில் என்றால் என்ன போடுவேன்? முதலில் ஐந்து நிலைக் கமரா. கேற்றில் முகம் பார்க்க ஒன்று, தராசில் இலக்கத் தகட்டுக்கு ஒன்று, ஸ்டோர்க் கதவுக்கு நேரே ஒன்று, தளத்தை முழுதாகப் பார்க்க ஒன்று, பின் சுவருக்கு ஒன்று. இவை கண் இமைக்காமல் பதியும். மூடை எப்படிக் குறைந்தது என்பதற்குப் பதில் பெரும்பாலும் தராசிலும் ஸ்டோர்க் கதவிலும்தான் கிடைக்கும், டோமில் அல்ல. காசு மிஞ்சினால் ஆறாவதாக அந்த டோம், ஸ்டோர் மூலையில், காந்தச் சுவிட்சோடும் பீம் சென்சரோடும். மிஞ்சாவிட்டால் இந்தப் போகம் ஐந்தோடு நில்லுங்கள். மூலைத் தூண்வரை கேபிளை மட்டும் இழுத்து வைத்தால் அடுத்த போகத்தில் மாட்டலாம். டோமை நாளெல்லாம் ரோந்து விடவும் வேண்டாம். 15 செக்கனுக்கு ஒரு தடவை நகர்ந்தால் வருசத்துக்கு 21 இலட்சம் நகர்வு, பெல்ட்டும் மோட்டாரும் அதில் தேயும். ஸ்டோரையும் வயலையும் பார்த்தபடி நிற்கட்டும், அழைத்தால் திரும்பட்டும்.

டோம் 4 மெகாபிட், மற்ற ஐந்தும் ஆளுக்கு 2 மெகாபிட் என்று, படத்தைச் சுருக்கிப் பதிகிற எச்.265 முறையில் பதிந்தால் நாளொன்றுக்கு 150 ஜிபி அளவில் போகும். 4 டிபி டிஸ்க்கில் 26 நாள் இருக்கும். மூடைக் கணக்கு மாத முடிவில்தான் பார்க்கிறீர்கள் என்றால் அது போதாது, 6 டிபி போடுங்கள். கணக்கைக் கிழமைக்கொருதரம் பார்த்தால் 4 போதும். ரெக்கோடர் மணிக்கூடு சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். பொலிசுக்குப் பதிவைக் கொடுக்கும்போது பத்து நிமிடப் பிழை இருந்தால் அதையே எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும்.

டோம் அந்த உயரத்தில் இருந்து பக்கத்து வளவின் கிணற்றடியையும் பார்க்கும். அதில் பிரைவசி மாஸ்க் என்று உண்டு, அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடலாம், டோம் எவ்வளவு திரும்பினாலும் மறைப்பு அதே இடத்தில் நிற்கும். முதல் நாளே போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தினமும் முகம் பார்க்கிற சனம். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கும் கமரா எங்கே இருக்கிறது என்று சொல்லி, கேற்றில் ஒரு பலகை மாட்டுங்கள். களவு போனது என்று ஒருவர் மேலும் சந்தேகத்தைக் கொட்டாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது நல்லது.

கடைசியாக, வேலையைப் பொறுப்பேற்கிற விதம். கமராக்காரர் நடுப்பகலில் வந்து போனில் படத்தைக் காட்டி மிச்சக் காசைக் கேட்பார். இருட்டும்வரை இருக்கச் சொல்லுங்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குத் தளத்து லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, உமி நிரப்பிய ஒரு சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு ஆள் ஒருவர் ஸ்டோர்க் கதவைத் திறந்து வெளியே வந்து, தளத்தைக் கடந்து, பின் மதில்வரை நடக்கட்டும். கதவு திறந்ததும் டோம் திரும்பியதா, போன் அடித்ததா என்று பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு இன்னொரு தடவை நடக்கட்டும். இரண்டு பதிவையும் ரெக்கோடரில் எடுத்துப் போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். நடந்தது யார் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் மிச்சக் காசைக் கொடுங்கள். நடையை வைத்து ஊகித்தால் கொடுக்காதீர்கள்.